வடையைப் பறிகொடுத்த பாட்டிகள்: மூணாறும் பிளாச்சிமடையும்

தமிழ்க் குழந்தை முதன்முதலில் கேட்கும் குற்றக்கதை வடை சுட்ட பாட்டியின் கதைதான். அதில் பட்டப்பகலில் ஒரு திருட்டு நிகழ்கிறது. திருடன் யார் என்பதில் ஐயம் ஏதுமில்லை. திருட்டுப் பொருளை இன்னொருவன் தந்திரமாகக் கவர்ந்துகொள்கிறான். காக்கையின் ஏமாளித்தனத்தையும் நரியின் சாதுரியத்தையும் சொல்லிக் கதை முடிகிறது. விறகு கூட்டி, மாவரைத்து, எண்ணெய்ச் சூட்டில் வெந்து வடை சுட்டவரோ முதல் இரண்டு வாக்கியங்களோடு கதையை விட்டு வெளியேறிவிடுகிறார். அவருக்கு நட்டம் எவ்வளவு, வடை திரும்பக் கிடைத்ததா, மறுநாள் கடை விரித்தாரா என்பனவெல்லாம் கதைக்குத் தேவைப்படவில்லை. பொருளை இழந்தவரே முதலில் மறக்கப்படும் இந்த அமைப்பு தமிழ்த் துப்பறியும் புனைவிலும் நெடுங்காலம் நீடித்தது.

ஜே.ஆர். ரங்கராஜுவின் ‘இராஜாம்பாள்’ 1908இல் வந்தது. துப்பறியும் கோவிந்தன் அதில் அறிமுகமானார். வடுவூர் துரைசாமி ஐயங்கார் திகம்பர சாமியாரைப் படைத்தார். தேவன் சாம்புவைக் கொண்டு துப்பறிதலையே நகைச்சுவையாக்கினார். பின்னர்ச் சங்கர்லாலும் கணேஷ்–வஸந்தும் விவேக்–ரூபலாவும் பரத்–சுசீலாவும் வந்தனர். இவ்வரிசையில் பெண்கள் உண்டு. ஆனால் இளம்பெண்கள், பெரும்பாலும் துணைக்கு வருபவர்கள். முதிய பெண்ணுக்குக் கிடைத்த வேடங்கள் கொடுமைக்கார மாமியார், வம்பு பேசும் அத்தை, பிணத்தை முதலில் கண்டு அலறும் வேலைக்காரி என்ற அளவில் நின்றன. குற்றத்தைக் கண்டுபிடித்து, தானே தண்டனையும் வழங்கி, போகிற போக்கில் வாசகரைச் சிரிக்கவும் வைக்கும் கிழவி தமிழ்ச் சந்தை நாவலில் ஒரு மரபாக உருவாகவில்லை.

உலகப் புனைவில் அந்த மரபுக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அமெரிக்க எழுத்தாளர் அன்னா கேத்தரின் கிரீன் 1897இலேயே, அடுத்த வீட்டுச் சன்னலை எட்டிப்பார்க்கும் முதிர்கன்னி ஒருவரைத் துப்பறிபவராக்கினார். அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிள் 1927இல் ஒரு சிறுகதையில் பிறந்து 1930இல் நாவலுக்குள் வந்தார். இவர்கள் உண்மையைக் கண்டுபிடித்தாலும் தண்டிக்கும் வேலையைச் சட்டத்திடமே விட்டனர். 1941இல் நியூயார்க் மேடையேறிய ‘ஆர்செனிக் அண்டு ஓல்டு லேஸ்’ நாடகத்தில் நிலைமை மாறியது. அதில் அன்பே உருவான இரண்டு சகோதரிகள் தனிமையில் வாடும் முதியவர்களுக்கு நஞ்சு கலந்த பழமது கொடுத்து, அதைத் தருமமென்றே நம்புகிறார்கள். சுவீடனின் கத்தரினா இங்கல்மன்–சுந்த்பெரி 2012இல் எழுதிய நாவலில், முதியோர் இல்லத்துச் சாப்பாட்டைவிடச் சிறைச்சாப்பாடு மேல் என்று முடிவு கட்டிய ஓய்வூதியர் குழுவொன்று அருங்காட்சியகத்தில் ஓவியம் திருடுகிறது. ரிச்சர்ட் ஆஸ்மனின் ‘தி தர்ஸ்டே மர்டர் கிளப்’ 2020இல் வந்து பெருவிற்பனை கண்டது. டியானா ரேபர்னின் 2022ஆம் ஆண்டு நாவலில், அறுபது வயதை எட்டிய நான்கு கொலையாளிப் பெண்கள் தங்களைத் தீர்த்துக்கட்ட முனையும் சொந்த நிறுவனத்தையே எதிர்கொள்கிறார்கள்.

இக்கதைகளின் சூட்சுமம் ஒன்றுதான்: கிழவியை யாரும் பார்ப்பதில்லை. நரைத்த தலையும் கைப்பையும் இருந்தால் வங்கிக்குள்ளும் நுழையலாம், பிணவறைக்குள்ளும் நுழையலாம். அவர்கள் ஒரு குழு சேர்ப்பார்கள், இலக்கைக் குறிப்பார்கள், பெரிய மனிதர்களின் முகத்தில் கரி பூசுவார்கள், கடைசியில் கொள்ளைப்பொருளைப் பங்கிட்டுத் தேநீர் அருந்துவார்கள். அந்தத் தேநீரின் கொழுந்தைக் கிள்ளும் பெண்கள் வாழும் இடத்தில் இதே கதை உண்மையில் நடந்தால் என்னவாகும் என்பதற்கு 2015ஆம் ஆண்டு மூணாறு ஒரு விடை தந்தது. கேரளத்தின் இடுக்கி, பாலக்காடு மாவட்டங்கள் தமிழகத்தைத் தொடும் விளிம்பில், பதின்மூன்று ஆண்டு இடைவெளியில் தமிழ் பேசும் பெண்கள் நடத்திய இரண்டு போராட்டங்களை இந்தக் கோணத்தில் வாசிக்க முடியும். இரண்டிலும் துப்பறிதலும் உண்டு, சட்டத்தின் உறக்கமும் உண்டு, சிரிப்பும் உண்டு. புனைவிலிருந்து அவை விலகும் இடங்கள்தாம் வரலாற்றுக்கு முக்கியமானவை.

மூணாற்றின் முன்கதை 1877இல் தொடங்குகிறது. ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயர் பூஞ்ஞாறு அரசகுடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். 1897இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் நிறுவனம் உருவானது. மலையை வெட்டித் திருத்தவும் தேயிலை நடவும் கங்காணிகள் திருநெல்வேலி, மதுரைச் சீமைகளிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்தனர். முன்பணம் கொடுத்து அழைத்துவரப்பட்ட அவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். அந்தக் கடனைத் தீர்க்கவே பலருக்கு ஓர் ஆயுள் போதவில்லை. 1956இல் மொழிவழி மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளமும் பீருமேடும் தமிழகத்தோடு சேர வேண்டும் என்ற கோரிக்கை தோற்று, அவை கேரளத்தில் நின்றன. மூன்று நான்கு தலைமுறையாக ஒரே லயத்தில் பிறந்து, அதே மலையில் கொழுந்தெடுத்த குடும்பங்கள் ஒரே நாளில் மொழிச் சிறுபான்மையாயின. லயம் என்பது வரிசை வீடு: ஓர் அறை, ஒரு சமையற்கட்டு, ஒட்டியபடி அடுத்த குடும்பம். ஓய்வு பெற்றால் அதையும் காலி செய்ய வேண்டும். மகனோ மகளோ மருமகளோ அதே தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தால்தான் கூரை தங்கும். சுவீடன் நாவலின் பாட்டிகளுக்கு முதியோர் இல்லம் பிடிக்கவில்லை. மூணாற்றுப் பாட்டிகளுக்கு முதுமைக்கென்று ஓர் இல்லமே இல்லை.

2005இல் டாட்டா தேயிலை நிறுவனம் தோட்டங்களின் நிருவாகத்திலிருந்து விலகி, கண்ணன் தேவன் மலைத் தோட்ட நிறுவனம் பிறந்தது. அதன் பங்குகளில் பெரும்பகுதி ஊழியர், தொழிலாளர் பெயரில் இருந்தது. ஆக, 12,000க்கு மேற்பட்ட தொழிலாளர் ஏட்டளவில் தங்களுக்குத் தாங்களே முதலாளிகள். 2015இல் அந்த முதலாளிகளின் நாட்கூலி 232 ரூபாய். அதைப் பெற நாளொன்றுக்கு 21 கிலோ கொழுந்து எடுத்தாக வேண்டும். தேயிலைத் தொழிலில் கொழுந்தெடுப்பது பெண்கள் வேலை. தொழிற்சங்கம் நடத்துவது ஆண்கள் வேலை. ஏ.ஐ.டி.யு.சி., ஐ.என்.டி.யு.சி., சி.ஐ.டி.யு. என்று மூன்று பெரிய சங்கங்கள் இருந்தன. சந்தா மாதந்தோறும் பிடிக்கப்பட்டது. ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டவர் யாரும் கூடை சுமந்தவரல்லர். சங்கத் தலைவர்கள் நிறுவனத்திடமிருந்து வீடும் சலுகையும் பெறுகிறார்கள் என்பது தோட்டங்களில் ஊறிப்போயிருந்த குற்றச்சாட்டு. முந்தைய ஆண்டு 19 விழுக்காடாக இருந்த போனஸ் அவ்வாண்டு 10 விழுக்காடு என்று அறிவிக்கப்பட்டபோது, சங்கங்கள் வழக்கமான கண்டனத்தோடு நிற்கும் என்றே எல்லாரும் எதிர்பார்த்தனர்.

செப்டம்பர் முதல் வாரத்தின் முடிவில் பெண்கள் எஸ்டேட்டு எஸ்டேட்டாக மலையிறங்கினர். சில நூறாகத் தொடங்கிய கூட்டம் ஆறாயிரத்தைத் தாண்டியது. கொச்சி–தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலையில் அமர்ந்தனர். சுற்றுலாவை நம்பி வாழும் மூணாறு நகரம் ஏறத்தாழ ஒன்பது நாள் நின்றுபோனது. கணவன்மாரையும் மகன்மாரையும் தள்ளி நிற்கச் சொன்னார்கள். ஆண்களைச் சாராயம் வாங்கிக் கொடுத்து மடக்கிவிடலாம் என்பது அதற்கு அவர்கள் சொன்ன காரணம். மூன்று தலைமுறை அனுபவம் தந்த பாடமாகத்தான் அது இருக்க வேண்டும். முழக்கங்கள் தமிழில் எழுந்தன. கொழுந்துக் கூடையைச் சுமப்பவர் நாங்கள், பணப்பெட்டியைச் சுமப்பவர் நீங்கள் என்ற கருத்தில் அமைந்த முழக்கம் நிறுவனத்தைவிடச் சங்கத் தலைவர்களையே கூடுதலாகச் சுட்டது. சங்க அலுவலகங்களும் அவர்களுடைய சினத்திற்குத் தப்பவில்லை. ஆதரவு தெரிவிக்க வந்த தேவிகுளம் சட்டமன்ற உறுப்பினரும் சி.ஐ.டி.யு. தலைவருமான எஸ். ராஜேந்திரனைக் கூட்டத்தில் சேரவிடாமல் விரட்டினர். வாக்குக் கேட்டு வரும்போது வணங்கி நின்றவர்கள் இப்படித் திரும்புவார்கள் என்று அரசியல் கணக்குத் தெரிந்த எவரும் கணக்கிடவில்லை.

இந்த இடத்தில் உண்மை நிகழ்வு தானாகவே துப்பறியும் கதையாகியது. துப்பறியத் தொடங்கியவர்கள் தலைவர்களும் அதிகாரிகளும். அவர்கள் தேடிய குற்றவாளி ‘பின்னால் இருக்கும் ஆள்’. இத்தனை ஆயிரம் பெண்கள், அதிலும் கொழுந்தெடுக்கும் பெண்கள், அதிலும் நடுவயதும் அதற்கு மேலும் ஆனவர்கள், யாரும் ஏவாமல் ஒரே நாளில் ஒரே சாலைக்கு எப்படி வந்தார்கள்? தமிழ்த் தீவிரவாத அமைப்புகள் தூண்டிவிட்டிருக்கலாம் என்ற ஐயம் சங்கத் தரப்பிலிருந்து வெளிப்படையாகவே கிளப்பப்பட்டது. கிறிஸ்டியின் கதைகளில் காவல் ஆய்வாளர் வழக்கமாகச் செய்யும் பிழை இது. குற்றம் நடந்த வீட்டில் சட்டை பின்னிக்கொண்டிருக்கும் மூதாட்டியைத் தவிர மற்ற எல்லாரையும் அவர் விசாரிப்பார். மூணாற்றில் மூளையாக யார் இருந்தார் என்று கேட்டவர்களுக்கு விடை கண்ணெதிரே சாலையில் சம்மணமிட்டு அமர்ந்திருந்தது. ஒரே குழாயடியில் நீர் பிடித்து, ஒரே நிரையில் கொழுந்தெடுத்து, ஒரே லயத்துச் சுவர் வழியே பேச்சுக் கேட்டு வாழ்பவர்களுக்குத் தனியாக ஒரு சதித்திட்டக் கூட்டம் தேவைப்படாது.

அவர்கள் தங்களுக்குச் சூட்டிக்கொண்ட பெயரையும் சற்று நின்று கவனிக்க வேண்டும். ‘பெம்பிளை ஒருமை’ என்ற அந்தப் பெயர் எல்லைப் பேச்சின் பெயர். ‘பெண்பிள்ளை’ என்பது தமிழகத்துப் பேச்சில் ‘பொம்பிளை’ ஆகும். முதல் உயிர் இதழ்மெய்களின் நடுவே இதழ்குவிந்து ஒகரமாகிவிடும். ‘பெம்பிளை’யில் எகரம் அப்படியே நிற்கிறது, மலையாளச் செவிக்கு அது அயலாகத் தோன்றாது. ‘ஒருமை’யோ மலையாளத்தில் ‘ஒரும’ என ஒலித்து ஒற்றுமையைக் குறிக்கும். ஆனால் இறுதி ஐகாரம் தமிழுக்குரியது; மலையாள நாளிதழ்களும் அந்த ஐகாரத்தைக் கெடுக்காமல் தங்கள் எழுத்தில் அப்படியே அச்சிட்டன. தமிழ்ப் பள்ளியில் படித்தவருக்கு ‘ஒருமை’ என்றதும் முதலில் நினைவுக்கு வருவது இலக்கணத்து எண்: ஒருமை, பன்மை. ஆறாயிரம் பேர் கூடித் தங்களை ஒருமை என்று அழைத்துக்கொண்டது இலக்கணத்திற்குப் பிழை, வழக்கிற்குச் சரி. இரு மொழிக்காரருக்கும் புரியும்படி, இரு மொழியிலும் முழுதாக அடங்காதபடி ஒரு பெயரைத் தேர்ந்தது அறிந்து செய்ததா, நாவில் வந்ததா என்ற ஆராய்ச்சி தேவையில்லை. எல்லையில் நூறாண்டு வாழ்ந்த நாவுக்கு அது இயல்பாகவே வரும்.

கதைக்கு உகந்த முடிவும் கிடைத்தது. செப்டம்பர் 13 அன்று அப்போதைய எதிர்க்கட்சித் தலைவர் வி.எஸ். அச்சுதானந்தன், தொண்ணூற்றிரண்டு வயதை நெருங்கியிருந்தவர், மூணாறு வந்து போராடுபவர்களோடு அமர்ந்தார். விரட்டப்படாமல் வரவேற்கப்பட்ட அரசியல்வாதிகள் மிகச் சிலருள் அவர் ஒருவர். உடன்பாடு ஆகும்வரை எழுந்து போகப்போவதில்லை என்றார். முதலமைச்சர் உம்மன் சாண்டியின் தலையீட்டில் நடந்த பேச்சு அன்றிரவு முடிந்தது. தருவது 20 விழுக்காடு. ஆனால் அதை 20 விழுக்காடு போனஸ் என்று எழுதவில்லை. 8.33 விழுக்காடு போனஸ், 11.67 விழுக்காடு எக்ஸ்கிரேஷியா, அதாவது கருணைத்தொகை என்று இரண்டாகப் பிரித்து எழுதினர். சட்டப்படி தர வேண்டிய குறைந்த அளவுக்கு மேல் தந்தது கருணை என்று நிறுவனம் சொல்லிக்கொள்ளலாம். கேட்டதைக் கேட்டபடி வாங்கினோம் என்று பெண்கள் சொல்லிக்கொள்ளலாம். கூட்டிப் பார்க்கத் தெரிந்தவர்கள் சிரித்துக்கொண்டே மலையேறினர். சங்கங்கள் கையெழுத்திட மறந்துபோன ஒரு தொகையை, சங்கத்தில் எந்தப் பதவியும் வகிக்காத பெண்கள் வாங்கிவந்தார்கள். மேற்கத்திய நாவலாசிரியர் எவரும் இந்த அத்தியாயத்தோடு நூலை முடித்திருப்பார்.

மூணாற்றுக்கு வடக்கே, ஆனைமலைக்கு அப்பால், பாலக்காட்டுக் கணவாயின் சமவெளியில் இருக்கிறது பிளாச்சிமடை. முன்னாளில் கொச்சி அரசின் கீழிருந்த சித்தூர் வட்டத்தைச் சேர்ந்தது, பெருமாட்டி ஊராட்சிக்குட்பட்டது, பொள்ளாச்சிப் பேச்சு எளிதில் எட்டும் தொலைவு. 2000ஆம் ஆண்டு இந்துஸ்தான் கோகோ கோலா நிறுவனம் அங்கே ஆலை திறந்தது. ஈராண்டுக்குள் சுற்றியிருந்த கிணறுகளின் நீர் மட்டம் இறங்கியது. இருந்த நீரும் கெட்டது. அந்த நீரில் வடித்த சோறு நிற்கவில்லை, விரைவில் கெட்டுப்போனது. குளித்தவர் உடல் அரித்தது. இதைக் கண்டுபிடித்தது ஆய்வுக்கூடமன்று, அடுப்படி. இரவாளர் பழங்குடியைச் சேர்ந்த மயிலம்மா அப்போது அறுபதுகளில் இருந்தார். ஒரு நல்ல துப்பறிவாளர் செய்வதையே அவரும் அக்கம்பக்கத்துப் பெண்களும் செய்தனர்: நேற்றுவரை இப்படி இல்லை, இடையில் புதிதாக வந்தது எது என்று கேட்டனர். விடை சுற்றுச்சுவர் எழுப்பி எதிரே நின்றது.

2002 ஏப்ரல் 22 அன்று ஆலைவாயிலுக்கு எதிரே போராட்டப் பந்தல் எழுந்தது. ஆதிவாசித் தலைவர் சி.கே. ஜானு தொடங்கிவைத்தார். மூணாற்றில் ஒன்பது நாளில் முடிந்தது இங்கே ஆண்டுக்கணக்கில் நீண்டது. அதனால் இதன் சிரிப்பும் வேறு வகை; அடங்கிய, நீடித்த சிரிப்பு. ஆலைக்கழிவை நல்ல உரம் என்று சொல்லி உழவர்களுக்கு வழங்கிவந்தார்கள். 2003 சூலையில் பி.பி.சி. வானொலி நிகழ்ச்சியொன்று அந்த உரத்தை ஆய்வு செய்வித்து, அதில் காட்மியமும் ஈயமும் இருப்பதை வெளிப்படுத்தியது. சோற்றுப்பானையை முகர்ந்து பெண்கள் ஈராண்டாகச் சொல்லிவந்ததைப் பிரித்தானிய ஆய்வுக்கூடம் சொன்ன பிறகே பெரிய இடங்கள் காது கொடுத்தன. மார்ப்பிள் கதைகளிலும் கடைசிப் பக்கத்தில் காவலர் வந்து கையெழுத்திட்டால்தான் கிழவியின் ஊகம் உண்மையாகும்.

பெருமாட்டி ஊராட்சி 2003 ஏப்ரலில் ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. அந்த ஆலையின் வரி வருவாய் ஊராட்சிக்குத் தேவையாக இருந்தும் இம்முடிவை எடுத்தது என்பது குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டு திசம்பரில் கேரள உயர்நீதிமன்ற நீதிபதி கே. பாலகிருஷ்ணன் நாயர், நிலத்தடி நீர் பொதுமக்களின் சொத்து, அரசு அதன் அறங்காவலர் என்ற கொள்கையின் அடிப்படையில் தீர்ப்பளித்தார். 2004 சனவரியில் பிளாச்சிமடையில் உலக நீர் மாநாடு கூடியது. வந்தனா சிவாவும் பிரான்சின் உழவர் தலைவர் ஜோசே போவேயும் வந்தனர். அதே ஆண்டு மார்ச்சில் ஆலையின் உற்பத்தி நின்றது. 2005இல் உயர்நீதிமன்றத்தின் அமர்வு முந்தைய தீர்ப்பை மாற்றி, நாளொன்றுக்கு ஐந்து இலட்சம் லிட்டர் எடுக்கலாம் என்றது. ஆயினும் ஆலை மீண்டும் ஓடவில்லை. மயிலம்மா 2007 சனவரியில் காலமானார். அவர் சொல்லச் சொல்ல ஜோதிபாய் பரியாடத்து மலையாளத்தில் எழுதிய வாழ்க்கைக்கதை தமிழிலும் வந்திருக்கிறது. இப்பொருளில் ஆர்வமுடையோர் முதலில் படிக்க வேண்டிய நூல் அது.

இவ்விரு போராட்டங்களையும் ‘சட்டத்தைக் கையிலெடுத்தல்’ என்று அழைக்கலாமா என்பது நியாயமான வினா. இந்தியாவில் அதற்கு நேரடிச் சான்றுகள் இருக்கின்றன. 1992இல் ஆந்திரத்தின் நெல்லூர் மாவட்டத்துத் தூபகுண்டாவில் ரோசம்மாவும் ஊர்ப்பெண்களும் சாராயக்கடையை மூடவைத்துத் தொடங்கிய போராட்டம் மாநிலம் முழுதும் பரவியது. 2006இல் சம்பத் பால் தேவி பந்தேல்கண்டில் தொடங்கிய குலாபி கேங்கின் பெண்கள் இளஞ்சிவப்புப் புடவையும் கையில் தடியுமாக, மனைவியை அடிக்கும் கணவன்மாரையும் புகாரைப் பதியாத காவல் அதிகாரிகளையும் நேரில் சென்று கேட்டனர். குலாபி கேங்கை உலக ஊடகங்கள் உடனே கொண்டாடியதற்குக் காரணம் அது ஏற்கெனவே கதைபோல் இருந்ததுதான்: சீருடை, ஆயுதம், தலைவி, வில்லன். மூணாற்றிலும் பிளாச்சிமடையிலும் அப்படி ஒரு காட்சி அலங்காரம் இல்லை. அங்கே மீறப்பட்டவை சாலைப் போக்குவரத்து விதிகளும் ‘சங்கம் பேசும், நீ வேலை பார்’ என்ற எழுதப்படாத விதியும்தாம். சட்டங்களோ ஏற்கெனவே இருந்தன. தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951ஆம் ஆண்டினது. வீடு, மருத்துவம், குடிநீர் பற்றியெல்லாம் அதில் எழுதியிருந்தது. போனஸ் வழங்கல் சட்டம் 1965ஆம் ஆண்டினது. சட்டத்தை மீறித் தண்டனை கொடுப்பது புனைவுக் கிழவியின் வழி. எழுதிய சட்டத்தை எடுத்துப் படிக்கவைக்கச் சாலையில் உட்கார வேண்டியிருந்தது இந்தப் பெண்களின் நிலை.

இன்னொரு வேறுபாடு இதைவிட ஆழமானது. புனைவில் கண்ணுக்குத் தெரியாமை என்பது போர்வை. தேவைப்படும்போது போர்த்திக்கொண்டு வேலை முடிந்ததும் கழற்றி வைக்கலாம். கென்ட்டு நாட்டுப்புறத்து ஓய்வூதியக் குடியிருப்பில் வாழும் பெண்ணுக்கு அது ஒரு சௌகரியம். மூணாற்றுப் பெண்ணை யாரும் பார்க்காமல் இருந்ததற்கு அவருடைய வயது மட்டும் காரணமன்று: சாதி, மொழி, கூலி, லயம், சங்கத்தில் பேச இடமின்மை எல்லாம் சேர்ந்து அவரை மறைத்தன. மறைந்திருந்து அவர் அடைந்த ஆதாயம் ஏதுமில்லை. அவர் பெற்ற வெற்றியெல்லாம் நெடுஞ்சாலையின் நடுவில், எல்லாரும் பார்க்கும்படி உட்கார்ந்ததால் வந்தது. ஆகவே மேற்கத்திய நாவலின் உத்தியை இந்த மலைக்கு அப்படியே தூக்கிவந்து தமிழில் ஒரு பாட்டிகள் கொள்ளைக் கதை எழுதினால் அது பொருந்தாது. எழுதத் துணிபவர், கிழவிகள் எப்படி ஒளிந்தார்கள் என்று தொடங்காமல், எப்படி வெளியே வந்தார்கள் என்று தொடங்கினால் நல்ல நாவல் கிடைக்கலாம். நகைச்சுவைக்குப் பஞ்சமிராது. 11.67 என்ற எண் ஒன்றே போதும்.

கொள்ளைப்பொருளைப் பங்கிட்ட பிறகு என்ன ஆகிறது என்பதை அவ்வகை நாவல்கள் சொல்வதில்லை. மூணாற்றில் அதுவும் நடந்து முடிந்திருக்கிறது. நாட்கூலியை 500 ரூபாயாக்க வேண்டும் என்ற அடுத்த கோரிக்கையைப் பெண்கள் எழுப்பினர். இம்முறை பின்தங்கிவிடக்கூடாது என்று சங்கங்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கின. அக்டோபர் நடுவில் தேயிலைத் தொழிலாளரின் கூலி 232இலிருந்து 301 ரூபாயாக உயர்ந்தது. கேட்டதற்கும் கிடைத்ததற்கும் இடைவெளி பெரிது. அந்த நவம்பரில் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் பெம்பிளை ஒருமை போட்டியிட்டது. போராட்டத்தின் முன்னணியில் நின்ற கோமதி தேவிகுளம் வட்டார ஊராட்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதற்குள்ளேயே லிசி சன்னி, கோமதி ஆகிய தலைவர்களிடையே பிளவு தோன்றியிருந்தது. ஐம்பதாண்டு அனுபவமுள்ள சங்கங்கள் பிளவை எப்படிப் பயன்படுத்துவது என்று அறிந்தவை. தோட்டங்களில் அவற்றின் பிடி மெல்லத் திரும்பியது. 2017 ஏப்ரலில் கேரள மின்துறை அமைச்சர் எம்.எம். மணி ஒரு பொதுக்கூட்டத்தில் 2015ஆம் ஆண்டுப் போராட்டப் பெண்களின் ஒழுக்கத்தை இழித்துரைக்கும் வகையில் பேசினார். கோமதியும் தோழியரும் மூணாறு நகரில் மீண்டும் சாலையில் அமர்ந்து, அமைச்சர் நேரில் வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று உண்ணாநோன்பிருந்தனர். அமைச்சர் வருத்தம் தெரிவித்தார், பதவியில் நீடித்தார். இம்முறை மலையிறங்கி வந்தவர்கள் மிகச் சிலரே.

பிளாச்சிமடையிலும் கணக்கு முடியவில்லை. கேரள அரசு அமைத்த உயர்மட்டக் குழு 2010இல் இழப்பை 216.26 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. இழப்பீட்டைப் பெற்றுத்தரத் தீர்ப்பாயம் அமைக்கும் மசோதாவைச் சட்டமன்றம் 2011இல் நிறைவேற்றியது. அது குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெறாமலே நின்றது. 2017இல் அந்த ஆலையை மீண்டும் இயக்கும் எண்ணமில்லை என்று நிறுவனம் உச்சநீதிமன்றத்தில் தெரிவித்தது. காக்கை பறந்துபோனது உறுதியாயிற்று. வடையின் விலை மட்டும் தாளில் நிற்கிறது.

2020 ஆகஸ்டு 6 அன்று இரவு மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து, நாயமக்காடு எஸ்டேட்டைச் சேர்ந்த லயங்களின் மேல் விழுந்தது. உறங்கிக்கொண்டிருந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த எழுபது பேர் மாண்டனர். சிலருடைய உடல்கள் கிடைக்கவேயில்லை. அடுத்த வாரம் முதலமைச்சர் பினராயி விஜயன் அங்கு வந்தபோது கோமதி அவருடைய வாகனத்தை வழிமறிக்க முயன்றார். தோட்டத் தொழிலாளருக்குச் சொந்த நிலமும் வீடும் வேண்டும் என்பது அவர் எழுப்பிய கோரிக்கை. அவரோடு ஆறாயிரம் பேர் இல்லை. காவலர்கள் அவரைக் கைது செய்து அப்புறப்படுத்தினர். வாகனங்கள் பெட்டிமுடிச் சாலையில் தொடர்ந்து சென்றன.